ஃப்ரீசருக்கு வைத்த பொட்டு

“இவ்வளவு ஐஸும் எங்கிருந்து வருதுன்னு நினைக்கறீங்க?”

மெக்கானிக் ஆரோக்கிய பிரவீன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. யாராவது என்னைக் கேள்வி கேட்டால் எனக்கு முதலில் காது அடைத்துக்கொள்ளும். கேள்வி அப்புறம்தான் உள்ளே போகும். வழக்கமாக எனக்காக சுகுணா அக்கா பதில் சொல்லிவிடுவார். அன்றைக்கு அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே வேடிக்கை பார்த்தார்.

“மெஷின்ல இருந்துங்க” என்றேன்.

“மெஷின் குளிரத்தாங்க தரும். ஐஸ நாமதான் குடுக்கறோம்” என்றார் பிரவீன். கதவு திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே போகிறது. அதில் இருக்கும் ஈரம் குளிர்ந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் ‘காயில்’ என்கிற குழாய்ச் சுருள்தான் உள்ளே எல்லாவற்றையும் விடக் குளிர்ச்சி. அதனால் அங்கேதான் முதலில் படியும். “கொஞ்சமா படிஞ்சா மெஷினே அப்பப்போ சூடாக்கி உருக்கி, தண்ணிய வெளிய வுட்டுரும். உருக்கறதுக்கு மேல வந்தா இப்படித்தான்.”

அவர் காட்டிய இடத்தில் ஃபேன் தெரியவில்லை. பெரிய வெள்ளைத் தாடி வைத்த சாமியார் ஒருவர் சுவரில் தலைகீழாகத் தொங்குவது போல இருந்தது.

“எல்லாஞ் சரி தம்பி” என்று பிரவீனிடம் சொன்ன அக்கா, என் பக்கம் திரும்பி, “ஒனக்கு ஏண்டி வேர்க்குது?” என்றார். “மைனஸ் பதினெட்டுல இந்தப் புள்ளைக்கு மட்டும் வேர்க்குது பாருங்க.”

நான் பட்டாணிப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பென்னாகரத்தில் ஒகேனக்கல் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் குடோன். வெங்கடாசலம் அண்ணனுடையது. ஐஸ்கிரீம், பச்சைப்பட்டாணி, பொரிக்கிற கோழித்துண்டு, சுட்டால் போதும் என்கிற பரோட்டா எல்லாம் சேலத்திலிருந்து வண்டியில் வரும். அவற்றை இறக்கி ஃப்ரீசரில் அடுக்கி, சுற்று வட்டாரக் கடைகளுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலையும் சுகுணா அக்கா வேலையும். ஃப்ரீசர் என்றால் வீட்டில் இருக்கும் பெட்டி இல்லை. ஆள் நடந்து உள்ளே போகிற அறை. எங்கள் வீட்டை விடக் கொஞ்சம் பெரியது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்று, வீட்டில் இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு நான் இங்கே வந்தேன். ஃப்ரீசருக்குள் யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதால் எனக்கு வேலை பிடித்திருந்தது.

வெங்கடாசலம் அண்ணன் அதை ஃப்ரீசர் என்று சொல்லமாட்டார். “லட்சுமி” என்பார். “லட்சுமி இன்னிக்கு மைனஸ் இருவதுல இருக்கறா” என்று போனில் யாரிடமாவது பெருமையாகச் சொல்வார். அந்த லட்சுமிக்கு வைகாசியிலிருந்து தாடி முளைத்ததை அவரால் தாங்க முடியவில்லை. முதலில் கொத்துப் பரோட்டாக் கடையிலிருந்து ஒரு கரண்டி வாங்கி வந்து தானே ஸ்டூல் மேல் ஏறிச் சுரண்டினார். பிறகு கடப்பாரையைத் தேடினார். நல்லவேளையாக அதற்குள் பிரவீன் வந்துவிட்டார்.

“சார், தோசைக்கல்லு சுரண்டற மாதிரி சுரண்டாதீங்க. காயில் பைப்புல ஒரு ஓட்டை வுழுந்தா கேஸ் மொத்தமும் போயிரும். அப்புறம் மெஷினோட சேத்து சரக்கும் போவும்” என்றார் பிரவீன்.

சரக்கை எல்லாம் வெளியே வந்து நின்ற குளிர் வண்டிக்கு மாற்றினோம். மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்து, டேபிள் ஃபேன் ஒன்றை உள்பக்கமாகத் திருப்பிவிட்டு, தாடி தானாகக் கழன்று விழும்வரை காத்திருந்தோம். அது பொத்துப் பொத்தென்று விழுவதை அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு துக்கம். தண்ணீர் போகும் குழாயில் அடைத்திருந்த ஐஸையும் பிரவீன் எடுத்துவிட்டார். பிறகு தரையைத் துடைத்து, மறுபடி குளிரவைத்து, சரக்கை உள்ளே ஏற்றினோம்.

“இனிமே வராதில்ல தம்பி?”

“கதவு சார். எல்லாம் கதவுலதான் இருக்குது. ஈரப் பெட்டிய அப்படியே உள்ள வெக்கக் கூடாது. வாசல்ல தொங்கற பிளாஸ்டிக் திரைய சுருட்டிக் கட்டி வெக்கக் கூடாது. நம்ம மூச்சுக்காத்துல கூட ஈரம் இருக்குது, அது கொஞ்சந்தான். முக்கியமா கதவு” என்றார் பிரவீன்.

அண்ணன் காதில் மூச்சுக்காற்று மட்டும் விழுந்தது.

மறுநாள் கொரோனா காலத்து மாஸ்க் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். “உள்ள போறவங்க இதப் போட்டுக்கணும். உள்ள பேச்சே கூடாது. எதா இருந்தாலும் வெளியே பேசிட்டு, மூச்ச முழுசா வுட்டுட்டுப் போங்க.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் பேசித்தான் லட்சுமிக்குத் தாடி முளைத்தது என்று யாரும் சொல்ல முடியாது.

சுகுணா அக்காவுக்கு அது பெரிய தண்டனை. ஆனால் அவர் அசரவில்லை. சைகையில் பேச ஆரம்பித்தார். வெண்ணிலா என்றால் அண்ணனின் வேட்டி இருக்கும் திசையைக் காட்டுவார். ஸ்ட்ராபெரி என்றால் தலைகுனிந்து வெட்கப்படுவார். பட்டாணி என்றால் கண்ணை உருட்டுவார். பரோட்டாவுக்கு எதிரில் பரோட்டா மாஸ்டர் நிற்பது போலக் காற்றில் ஓங்கி அடிப்பார். நான் சிரித்துச் சிரித்து, அண்ணன் கணக்குப்படி, பேசியதை விட அதிக மூச்சு விட்டேன்.

அதோடு அண்ணன் காவலும் ஆரம்பித்தது. அக்காவுக்கு ஒரு பழக்கம். போன் வந்தால் பாதிக் கதவில் நின்றுதான் எடுப்பார். அதற்குக் காரணம் உண்டு. உள்ளே சிக்னல் கிடைக்காது. முழுக்க வெளியே வந்தால் அண்ணன் பார்ப்பார். அதனால் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் நிற்பார். அண்ணன் மேசையிலிருந்தே “கதவு!” என்று கத்துவார். கடைக்காரர் யாராவது கூட வந்து எட்டிப் பார்த்தால் “கதவு!” நான் பெட்டியோடு முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே “கதவு!” ஒருநாள் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோதும் “கதவு” என்றார். அக்கா என் கையைக் கிள்ளி, “கனவுலயும் நான்தான் வர்றன் பாரு” என்றார்.

இவ்வளவு காவல் இருந்தும் தாடி மறுபடி முளைத்தது. ஆடி பிறந்ததும் வேகமாக வளர்ந்தது. வாசல் தரையிலும் கண்ணாடி போல ஐஸ் பிடித்தது. அண்ணன் ஆடிக் காற்றைத் திட்டினார். ஆடிக் காற்று பதில் பேசாது என்பதால் பிறகு சுகுணா அக்காவைத் திட்டினார்.

“ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்ல கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியுமில்ல? ஐஸ்கிரீம் லோடு வருது. அன்னிக்கு லட்சுமி மூச்சடைச்சு நின்னுட்டா எல்லாம் பாயாசமாயிரும். அதுக்குள்ள இந்த ஐஸு நிக்கலன்னா, கதவப் புடிச்சிட்டு நிக்கறவங்கள நான் நிறுத்திருவன், சொல்லிட்டன்.”

“என்னத்தான் சொல்றீங்களாண்ணா?”

“வேற யாரு கதவப் புடிச்சிட்டு நிக்கறா?”

அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் முதுகு முடியாமல் படுத்து ஒரு வருடம் ஆகிறது. பையன் பாலிடெக்னிக்கில் முதல் வருடம். இந்த வேலை போனால் ஏரியூர்ப் பக்கம் களை எடுக்கக் காட்டு வேலைக்குத்தான் போக வேண்டும். அதுவும் தினம் கிடைக்காது. “காட்டு வேல ஒண்ணும் எனக்குப் புதுசில்ல மணி. ஆனா வெயில்ல நின்னா ஒன் மூஞ்சி ஞாவகம் வரும்” என்றார். என்னைக் கேலி செய்யாமல் அவர் பேசியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

பிரவீன் மறுபடி வந்தார். இந்த முறை கதவை மட்டும் பார்த்தார். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கேட்டு வாங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு தாளை இழுத்தார். வரவில்லை.

“கதவ சுத்தி இருக்கற ரப்பர் நல்லா அழுத்துனா தாளு வராதுங்க. இழுத்தா கிழியும். சும்மா வழுக்கிட்டு வந்தா அங்க காத்து போவுதுன்னு அர்த்தம்” என்று என்னிடம் சொன்னார். அண்ணன் இருக்கும்போது என்னிடம் எதற்குச் சொன்னார் என்று அக்கா அப்புறம் நாள் முழுக்க விசாரித்தார்.

இடம் இடமாக வைத்து இழுத்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி வழுக்கியது. கதவைத் திறந்து நிலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே அண்ணன் வெள்ளிக்கிழமை தோறும் வைக்கும் சந்தனப் பொட்டு இருந்தது. அதன் மேல் குங்குமம். அதன் மேல் அதற்கடுத்த வெள்ளிக்கிழமைச் சந்தனம். அதன் மேல் குங்குமம். சாத்தினால் கதவின் ரப்பர் போய் உட்காரும் இடத்தில், வரிசையாக, சின்னச் சின்ன வடை போல.

பிரவீன் பொட்டைப் பார்த்தார். அண்ணன் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். தன் கழுத்துச் சிலுவைச் சங்கிலியை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

“ரப்பர் படற எடமெல்லாம் சுத்தமா இருக்கணும் சார்” என்றார்.

“எங்க லட்சுமி மாதிரி சுத்தம் எங்கியும் பாக்க முடியாது தம்பி. வாரா வாரம் தண்ணி தெளிச்சிப் பொட்டு வெக்கறம்” என்றார் அண்ணன்.

“ஆமாங்க சார்” என்று சொல்லிவிட்டுப் பிரவீன் பின்பக்கம் குழாயைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். “நான் சொன்னா வேற மாதிரி ஆயிருங்க. வேதக்காரப் பையன் எங்க பொட்ட அழிக்கச் சொல்றான்னு நினைச்சிட்டாருன்னா? நீங்க சொல்லலாம்.”

“நானா?”

“சுகுணாக்கா சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்றாங்கன்னுவாரு. வேற யாருங்க இருக்கா?”

பிரவீனையும் சேர்த்துக் குடோனில் நாங்கள் நான்கு பேர்தான். ஒருவர் சொல்ல முடியாது, ஒருவர் சொன்னால் நம்பமாட்டார்கள், ஒருவர்தான் கேட்க வேண்டியவர். எண்ணிப் பார்த்தால் நான்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமைப் பூசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் புரியாது. அண்ணன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருவார். குடத்துத் தண்ணீரை ஃப்ரீசர் வாசலில் தெளிப்பார். கதவை அகலத் திறப்பார். மூடிய வாசலுக்குப் பூசை செய்தால் லட்சுமி எப்படி வெளியே பார்ப்பாள்? நிலைக்குப் பொட்டு வைப்பார். சாம்பிராணி போடுவார். உள்ளேயிருந்து வெள்ளையாகக் குளிர் உருண்டு வந்து சாம்பிராணிப் புகையோடு கலக்கும். “கைலாசம்!” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறக்க நேரமாகும். ஆடி வந்தால் வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், கூடுதல் சூடம். எங்கள் மூவர் கண் முன்னால்தான் வாரா வாரம் நடந்தது. கதவு திறந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. பூசைக்குத் திறந்தால் அது திறந்த கணக்கிலேயே வராது.

எனக்கு இப்போது தோன்றிவிட்டது. அதைச் சொல்வதுதான் பாக்கி. “அண்ணா, ஒரு விஷயங்க” என்று ஆரம்பிக்கும் வரை ஃப்ரீசருக்குள் மாஸ்க்குக்கு அடியில் பழகிப் பார்த்தேன். வெளியே வந்து மேசை முன் நிற்பேன். “என்னம்மா?” என்பார். “ஒண்ணுமில்லீங்கண்ணா” என்று தெளிவாகச் சொல்வேன். இரண்டு நாளில் மூன்று தடவை அப்படிச் சொன்னதில், எனக்கு லீவு வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “ஆடிப்பெருக்கு முடியட்டும், அப்புறம் எடுத்துக்க” என்றார்.

வியாழக்கிழமை அக்கா வாசல் ஐஸில் வழுக்கி விழுந்தார். கையில் இருந்த கோன் ஐஸ்கிரீம் பெட்டி நசுங்கியது. அண்ணன் ஓடி வந்து, முதலில் பெட்டியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அப்புறம்தான் அக்காவைப் பார்த்தார்.

“போதும் சுகுணா. நாளைக்கு வெள்ளிக்கிழம. பூச முடிச்சிட்டு நின்னுக்க.”

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “பூசைக்கு வந்துட்டுப் போறண்ணா. பொங்கல் குடுப்பீங்களே” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அண்ணன் ஈரத் தலையோடு வந்தார். தண்ணீர் தெளித்தார். கதவை அகலத் திறந்தார். புதுப் பொட்டு பழைய வடைகளின் மேல் ஏறியது. சாம்பிராணி, வேப்பிலை, சூடம், கைலாசம். அக்கா டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் காலண்டரிலிருந்து முந்தின நாள் தாளைக் கிழித்தேன். கிழித்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“கதவு!” என்றார் அண்ணன், கண்ணைத் திறந்ததும்.

நான் கதவைச் சாத்தினேன். சாத்தும்போது பொட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்தேன். இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. தள்ளி, பொட்டு இல்லாத இடத்தில் வைத்துச் சாத்தி இழுத்தேன். வரவில்லை. மூலை கிழிந்தது. மறுபடி பொட்டுப் பக்கம். வழுக்கியது. தாளின் ஓரத்தில், நல்ல நேரம் போட்டிருக்கும் இடத்தில், ஈரச் சந்தனம் அப்பியிருந்தது.

“என்ன வெளையாட்டு இது?” என்றார்.

தாளை அவரிடமே நீட்டினேன். அவரும் வைத்து இழுத்தார். ஒவ்வொரு பொட்டாகப் போனார். ஒவ்வொன்றிலும் வழுக்கியது. நடுநடுவே கிழிந்தது. கடைசியில் கையில் துண்டுகள்தான் இருந்தன. கதவைத் திறந்து நிலையைக் குனிந்து பார்த்தார். எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அவரைத் திரும்பிப் பார்த்தன.

“பொட்டு ஒசரத்துக்கு ரப்பர் எழும்பி நிக்குதுங்கண்ணா” என்றேன். சொல்லிவிட்டேன் என்பது எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் மிச்சத்தையும் சொன்னேன். “நீங்க சூடம் காட்டி முடிக்கற வரைக்கும் கதவு தொறந்துதாங்க இருக்குது. அக்கா போன் பேசறத விட ரொம்ப நேரங்க.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சைகையாக இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை, அது எந்தச் சரக்கின் சைகையும் இல்லை.

“சாமிக்குக் கதவ சாத்திட்டு யாராவது பூச பண்ணுவாங்களா?” என்றார் அண்ணன். கோபமாகச் சொல்ல ஆரம்பித்து, சந்தேகமாக முடித்தார்.

“கதவுக்கு வெளிப்பக்கம் பொட்டு வெச்சா சாமிக்குத் தெரியாதுங்களா?”

அவர் நகத்தால் ஒரு வடையைச் சுரண்டினார். காய்ந்த சந்தனம் அடுக்கடுக்காக உதிர்ந்தது. தைப்பூசத்துச் சந்தனம் வரைக்கும் போனது என்று நினைக்கிறேன். உதிர்ந்ததை உள்ளங்கையில் ஏந்தி, என்ன செய்வதென்று தெரியாமல், கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்.

“சுகுணா, வெதுவெதுன்னு தண்ணியும் துணியும் எடுத்துட்டு வா.”

“நான்தான் நின்னுட்டேங்களே அண்ணா.”

“நின்னது போதும். நட.”

அக்கா டிபன் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு நடந்தார். இடுப்பு வலிக்காரர் போல இல்லை.

நிலையை அண்ணனே துடைத்தார். எங்கள் இருவரையும் தொடவிடவில்லை. துடைத்து, ஈரம் போக உலர்ந்த துணியால் ஒற்றினார். பிறகு பிரவீனைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை தாடியை உருக்கவைத்தார். ஆடிப்பெருக்கு லோடு வந்தது, போனது. லட்சுமி மைனஸ் இருபதில் அசையாமல் நின்றாள். அடுத்து பிரவீன் வந்தபோது பார்க்க ஒன்றும் இல்லை. ஃபேன் தெளிவாகத் தெரிந்தது. கதவைச் சுற்றித் தாள் வைத்தார். எல்லா இடத்திலும் கிழிந்தது.

“இனிமே எனக்கு இங்க வேலையே இல்லீங்க போல” என்றார்.

“வேல இருந்தாத்தான் வரணுமா தம்பி? ஐஸ்கிரீம் வாங்கறதுக்கு வாங்க. இந்தப் புள்ள எடுத்துத் தரும். ஸ்ட்ராபெரி” என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் தலைகுனிந்து வெட்கப்பட்டுக் காட்டினார். எனக்கு மறுபடி வேர்த்தது.

நிலையைத் துடைத்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் பூசைத் தட்டோடு வந்தார். தலையை நன்றாகத் துவட்டியிருந்தார். தண்ணீர் தெளிக்கவில்லை. மூடிய கதவின் வெளிப்பக்கம், கண்ணுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். சாம்பிராணி போட்டார். சூடம் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் போனது. கைலாசம் மட்டும் வரவில்லை. அவருக்கு ஏதோ குறைகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. தட்டை இடது கைக்கு மாற்றினார். எங்களைப் பார்க்கவில்லை. வலது கை மெதுவாக, அது பாட்டுக்கு, கதவின் கைப்பிடிக்குப் போனது.

“கதவு!” என்று கத்தினார் சுகுணா அக்கா.

கை நின்றது. அண்ணன் திரும்பி அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எப்போதும் போலத் தரையைப் பார்த்தேன். தரை காய்ந்து சுத்தமாக இருந்தது. தட்டை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். போகும்போது குடோனின் முன்கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.